மாமா பதில்கள்: கத்தி பிடிக்கப் போகும் பிள்ளைகள்

இந்த வாரம் முழுவதையும் ஒரே துறைக்கு ஒதுக்கிவிட்டேன்: பொது அறுவை மருத்துவம். ஜெராமிலிருந்து சபாக் பெர்ணம் வரை, அந்தப் பக்கம் பத்தாங் காலி வரை, எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளை சர்ஜன் ஆக ஆசைப்படுகிறது. அந்த ஆசைக்குப் பதில் சொல்லாமல் வேறு எதற்குச் சொல்வது?

கேள்வி: சர்ஜன் ஆவதற்கு எப்படிப்பட்ட பின்னணி வேண்டும் மாமா? (படிவம் ஐந்து மாணவி, ஈஜோக்)

பதில்: சினிமாவில் பாடுவதற்குத்தான் பின்னணி வேண்டும். உனக்கு உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் கணிதமும் வேண்டும். கூடவே, விழுந்தால் எழுந்து அதே மேசைக்குத் திரும்பும் பிடிவாதம். அது உன் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அம்மாவைக் கவனித்துப் பார்.

கேள்வி: தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவன் சர்ஜன் ஆன கதை உண்டா? ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க. (செம்பனைத் தோட்டத் தொழிலாளி, புக்கிட் ரோத்தான்)

பதில்: ஆறுதல் வேண்டாம் அண்ணே, பெயரையே சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சி. பழனிவேலு. நாமக்கல் பக்கத்து ஏழை விவசாயக் குடும்பம். பிழைப்புக்காக மலேசியா வந்தார்கள். படிப்பு பாதியில் நின்று, பையன் செம்பனைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தான்.

பிறகு விட்ட படிப்பைத் தொட்டுப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 21. அதன்பின் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. சிறு துளை வழியே வயிற்றுக்குள் போய்ச் செய்யும் லாப்பரோஸ்கோப்பி அறுவையில் இன்று வெளிநாட்டு சர்ஜன்களும் மதிக்கும் பெயர் அவருடையது.

உங்கள் மகனுக்கு இப்போது வயது என்ன?

கேள்வி: டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே இதெல்லாம் சாத்தியம்? (வாசகர், காப்பார்)

பதில்: டாக்டர் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு வசதி உண்டு, அதை மறைப்பானேன்? எந்தத் தேர்வு, எந்தத் தேதி, எந்தப் பாரம், யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே காதில் விழுந்துவிடும். லயத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. மூளையில் குறைச்சல் இல்லை, தகவலில்தான் குறைச்சல்.

தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விருந்தில் பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் பாதியை ஒரு பயிற்சி மருத்துவருக்கு (ஹவுஸ்மேன்) கொடுங்கள். அவர் தேதிகளைச் சொல்லட்டும். பொன்னாடை மடித்து வைக்கத்தான் உதவும், தேதி உதவும் இடமே வேறு.

கேள்வி: மகன் மருத்துவம் முடிச்சுட்டு வந்துட்டான். சர்ஜன்னு எப்போ போர்டு மாட்டுவான்? (ஒரு தாய், தஞ்சோங் காராங்)

பதில்: ஆணி வாங்க அவசரப்படாதீர்கள் தாயே. மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டு முடிந்ததா? அடுத்தது ஹவுஸ்மேன் பயிற்சி. முன்பு ஓராண்டாக இருந்தது, 2008 முதல் இரண்டாண்டு. ஆறு துறைகள், துறைக்கு நான்கு மாதம். அறுவைப் பிரிவு அதில் ஒன்றே ஒன்று.

பிறகு மெடிக்கல் ஆபிசராகச் சில காலம் ஓட வேண்டும். நுழைவுத் தேர்வு, நேர்முகம் தாண்டினால் நான்காண்டு மாஸ்டர்ஸ். மலாயா, யூகேஎம், யூஎஸ்எம், யூபிஎம் எல்லாம் நடத்துகின்றன. கணக்குப் போட்டால் வயது முப்பதைத் தாண்டி நன்றாக நடந்திருக்கும். அதற்குள் உங்களுக்கு மூட்டுவலி வரலாம். அவனிடம் காட்டாதீர்கள், அது எலும்பு டாக்டர் வேலை.

கேள்வி: நாங்க காலமெல்லாம் மரம் வெட்டிப் பால் எடுத்தோம். ஆபரேஷன் தியேட்டரில் எங்களுக்கு என்ன பங்கு? (முன்னாள் பால்மரத் தொழிலாளி, பெஸ்தாரி ஜெயா)

பதில்: சர்ஜனின் பத்து விரலிலும் உங்கள் பங்குதான்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்றொரு சர்ஜன், அவர் தியேட்டரில் கரோலின் ஹாம்ப்டன் என்றொரு தாதி. கிருமி கொல்ல அப்போது பாதரச மருந்து. அதில் கையை முக்கி முக்கிக் கரோலினின் தோல் வெந்து புண்ணானது. வேலையை விடும் நிலை. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கிக் கொடுத்தார். 1890இல் இருவருக்கும் கல்யாணம். மோதிரத்துக்கு முன்னால் கையுறை போட்டுவிட்ட மாப்பிள்ளை!

தாதிக்காக வந்த கையுறையை மற்றவர்களும் மாட்டத் தொடங்கினார்கள். நோயாளிக்குக் கிருமி தொற்றுவது குறைந்தது பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. அன்று ரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தப் பாரம் மலாயாவின் நிரைகளுக்கு, உங்கள் அப்பா தாத்தாவின் மங்குகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று உலகிலேயே அதிகமாக ரப்பர் கையுறை செய்யும் நாடு மலேசியா. கத்தி யார் கையில் இருந்தாலும், அந்தக் கை உங்கள் உழைப்பின் வழியாகத்தான் நோயாளியைத் தொட்டது.

கேள்வி: அந்த ஹால்ஸ்டெட் காதலித்ததோடு சரியா, வேறு ஏதாவது செய்தாரா? (அதே வாசகரின் பேரன்)

பதில்: உன்னைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி, வருடத்துக்கு வருடம் பொறுப்பு கூடி, கடைசியில் தனியாகக் கத்தி பிடிக்கும் நிலைக்கு உயர்வது என்ற முறையை அமைத்தவர் அவரே. உலகத்து அறுவைப் பயிற்சிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

கொக்கேய்னை மரத்துப்போகும் ஊசியாக ஆராயும்போது தன் உடம்பிலேயே சோதித்து, அதற்கு அடிமையானவரும் அவரே. முறையை மட்டும் அவரிடம் கற்றுக்கொள், ஓய்வை வேறெங்காவது கற்றுக்கொள். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவருக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைப்பதற்கே 2003 ஆனது. அந்த வரம்பைப் பார்த்து நம் கிராணி அழுதுவிடுவார்.

கேள்வி: அறுவைப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு எதில் அதிக ஆர்வம்? (கல்லூரி மாணவர், ரவாங்)

பதில்: முதலில் தூக்கம். அடுத்தது சோறு. மூன்றாவதாக, யாராவது அப்பெண்டிக்ஸோடு வந்தால் 'நான் செய்யட்டுமா?' என்று கேட்பது. மூன்றாவது முதலிடத்துக்கு வரும் நாளில் அவர் சர்ஜன் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

கேள்வி: மகன் எந்நேரமும் வீடியோ கேம். கேட்டால் 'சர்ஜனுக்கு நல்லது' என்கிறான். அடிக்கலாமா? (ஒரு தந்தை, செரண்டா)

பதில்: அடிக்க வேண்டாம், அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நியூயார்க்கில் ஜேம்ஸ் ரோசர் என்ற சர்ஜன் 33 மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். 2007இல் வெளியானது. வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடிய அனுபவம் உள்ளவர்கள், லாப்பரோஸ்கோப்பிப் பயிற்சிச் சோதனையில் 37 விழுக்காடு குறைவாகத் தவறினார்கள், 27 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கையை வேறிடத்தில் இயக்கும் பழக்கம் காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்த 33 பேரும் மருத்துவம் படித்து முடித்தவர்கள். மகனிடம் இந்த இரண்டாவது பத்தியையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பாட்டி எனக்குப் பூத்தையல் கற்றுத்தருகிறார். டாக்டர் ஆகப் போகிறவளுக்கு இது எதற்கு? (ஆறாம் ஆண்டு மாணவி, கோல சிலாங்கூர்)

பதில்: பாட்டியை விடாதே. பிரான்சில் லியோன் நகரத்து சர்ஜன் அலெக்ஸி காரெல், பூத்தையல் செய்யும் ஓர் அம்மாளிடம் போய் நுண்ணிய ஊசிவேலை கற்றுக்கொண்டார். 1894இல் பிரெஞ்சு அதிபர் சாடி கார்னோ கத்திக் குத்துப்பட்டு ரத்தக்குழாய் அறுந்து இறந்ததும், அறுந்த குழாயைத் தைக்க அப்போது யாருக்கும் வழி தெரியாததும் அவர் மனத்தை உறுத்தின. மூன்று இடத்தில் நூல் பிடித்து, வட்டக் குழாயை முக்கோணமாக இழுத்துத் தைக்கும் வழியைக் கண்டார். 1912இல் நோபல் பரிசு. இன்று சிறுநீரகம் மாற்றி வைக்க முடிகிறதென்றால், அந்தத் தையல் அதில் இருக்கிறது.

பாட்டிக்கு நோபல் தர வழியில்லை. ஊசியில் நூலாவது கோத்துக் கொடு.

கேள்வி: உறுமி மேளக் குழுவில் இருக்கிறேன். 'மேளம் அடிக்கிறவன் எங்கே சர்ஜன் ஆவது' என்கிறார் சித்தப்பா. (படிவம் ஆறு மாணவர், பத்தாங் காலி)

பதில்: சித்தப்பாவிடம் வியன்னாவின் தியோடர் பில்ரோத் பெயரைச் சொல். 1881இல் வயிற்றுப் புற்றுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் சர்ஜன். வீட்டில் வயோலா வாசிப்பார். இசைமேதை பிராம்ஸ் அவருடைய நண்பர், இரண்டு இசைப் படைப்புகளை அவருக்கே காணிக்கையாக்கினார். இன்றும் தேர்வில் 'பில்ரோத் ஒன்று, பில்ரோத் இரண்டு' என்று அவர் முறைகளைக் கேட்பார்கள்.

மேளத்தை வைத்துக்கொள். தேர்வு மாதத்தில் மட்டும் கோயில் குழுவிடம் லீவு கேள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: நம்ம தமிழ் சர்ஜன்களில் அப்படி ஆர்வக்காரர் யாரும் இல்லையா? (வாசகர், கோல குபு பாரு)

பதில்: சென்னைப் பொது மருத்துவமனையின் முன்னால் சிலையாக நிற்கிறார் டாக்டர் எஸ். ரங்காச்சாரி. 1882இல் பிறந்து 1934இல் மறைந்தவர். தொலைவிலிருக்கும் நோயாளியைப் பார்க்கச் சாலை தாமதமாகிறது என்று சொந்தமாக விமானம் வாங்கியவர். இன்றைக்குச் சிலர் அதே காசில் நோயாளியைத் தங்களிடம் வரவழைக்க விளம்பரப் பலகை வைக்கிறார்கள்.

கேள்வி: விண்வெளிக்குப் போன நம் நாட்டு டாக்டர் சர்ஜன்தானே? (மாணவர், ராசா)

பதில்: ஷேக் முஸாபர், 10 அக்டோபர் 2007 அன்று கிளம்பியவர், எலும்பு மருத்துவத் துறைக்காரர். அவருக்கு மாற்றாகத் தயாராக இருந்தவர் பல் மருத்துவர். இறுதி நால்வரில் எஸ். வனஜா என்ற தமிழ்ப் பெண்ணும் இருந்தார், பொறியியல் படித்தவர். பொது அறுவைக்காரர்கள் அன்றிரவும் கீழே ஆன்-கால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: பெண் பிள்ளைக்கு எதற்கு சர்ஜரி? தோல் டாக்டர், குழந்தை டாக்டர் என்று போகலாமே? (ஓர் அத்தை, ஜெராம்)

பதில்: அத்தை, நேராகச் சொல்கிறேன். மலேசியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்று. அதை வெட்டி எடுப்பது பொது அறுவைப் பிரிவு. நம் தோட்டத்துப் பெண்கள் பலர் கட்டி இருப்பதை ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். கட்டி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உங்கள் மருமகள் அந்த அறையில் இருந்தால் எத்தனை பேர் சீக்கிரம் வருவார்கள் என்று யோசியுங்கள்.

வழியும் புதிதல்ல. சென்னையில் டி. எஸ். கனகா 1963இல் பொது அறுவையில் எம்.எஸ். முடித்தார், 1968இல் மூளை நரம்பு அறுவையில் எம்.சிஎச். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் சர்ஜன்களில் ஒருவர். அவர் அத்தையும் இதையே கேட்டிருப்பார்.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. என் கனவு முடிந்ததா? (மருத்துவ மாணவி, சபாக் பெர்ணம்)

பதில்: முதல் முறை தியேட்டரில் சுருண்டு விழுந்த மாணவர்களைக் கூட்டினால் ஒரு பேருந்து போதாது. வெறும் வயிற்றோடு போகாதே. நிற்கும்போது கெண்டைக்கால் தசையை இறுக்கி இறுக்கி விடு. கண் இருட்டினால் மேசையை விட்டுப் பின்னால் வந்து உட்கார். முன்னால் மட்டும் விழாதே, அங்கே ஒருவர் வயிறு திறந்து படுத்திருக்கிறார்.

கேள்வி: நான் இடது கைக்காரன். சேர்த்துக்கொள்வார்களா? (மாணவர், காலும்பாங்)

பதில்: சேர்த்துக்கொள்வார்கள். கத்தரிக்கோலும் ஊசிபிடியும் பெரும்பாலும் வலது கைக்கென்று செய்தவை, ஆரம்பத்தில் மல்லுக்கட்டுவாய். அந்தக் கட்டாயத்திலேயே உனக்கு இரண்டு கையும் பழகிவிடும். வலது கைக்காரனுக்கு அந்த யோகம் இல்லை.

கேள்வி: அப்பா நல்ல மரவெட்டுக்காரர் என்று பெயர் எடுத்தவர். அந்தக் கைநேர்த்தி எனக்கு ரத்தத்தில் வருமா? (ஹவுஸ்மேன், கிள்ளான்)

பதில்: ரத்தத்தில் வராது தம்பி, பழக்கத்தில்தான் வரும். ஆனால் அப்பாவிடம் பாடம் இருக்கிறது. பால்மரத்தில் உளி பட்டையைத்தான் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடக்கூடாது. தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகிவிடும். ஆழமும் போகக் கூடாது, மேலாகவும் நிற்கக் கூடாது, இருட்டில் தலைவிளக்கோடு, நாளுக்கு நூற்றுக்கணக்கான மரம். திசுவின் அடுக்கைப் பார்த்துப் பிரிக்கும் சர்ஜனும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

அப்பாவிடம் போய், 'ஆழம் எப்படி தெரிஞ்சுதுப்பா?' என்று கேள். அவர் சொல்லும் பதிலை எந்தப் பேராசிரியரும் வகுப்பில் சொல்ல மாட்டார்.

கேள்வி: சர்ஜனை ஏன் ஆஸ்பத்திரியில் 'மிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள்? படிச்ச டாக்டர்தானே? (தாதி, சுங்கை பூலோ)

பதில்: இங்கிலாந்து வழக்கம், மலேசியாவிலும் தங்கிவிட்டது. அங்கே ஒரு காலத்தில் கத்தி பிடித்தவர்கள் நாவிதர்கள். 1540 முதல் 1745 வரை நாவிதரும் சர்ஜனும் ஒரே சங்கம். பல்கலைக்கழகம் போன மருத்துவருக்கு 'டாக்டர்', பட்டறையில் கற்ற சர்ஜனுக்கு 'மிஸ்டர்'. பிறகு சர்ஜன்களும் பட்டம் வாங்கினார்கள், பழைய விளிப்பைப் பெருமையாகவே வைத்துக்கொண்டார்கள்.

பின்னணி பின்னணி என்கிறோமே, இன்னொன்றும் கேளுங்கள். அறுந்த மூக்கை நெற்றித் தோலால் திருப்பிக் கட்டும் அறுவையைப் புனேயில் பார்த்த வெள்ளைக்காரர்கள் 1794இல் லண்டன் பத்திரிகையில் எழுதினார்கள். செய்தவர் செங்கல் அறுக்கும் சாதிக்காரர் என்று குறித்தார்கள். அதைப் படித்துத்தான் 1814இல் லண்டனில் கார்ப்யூ அதே அறுவையைச் செய்தார். நம் ஊரிலும் முடிதிருத்தும் சமூகத்தாரே தலைமுறை தலைமுறையாகப் புண்ணுக்கு மருந்து வைத்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களே பிரசவம் பார்த்தார்கள். சாதி பார்த்துக் கைகுலுக்காத ஆளும் குடல்வால் வெடித்தால் யார் கையில் கத்தி என்று கேட்பதில்லை.

கேள்வி: சர்ஜன்கள் ரொம்பத் துணிச்சல்காரர்களா, இல்லை அப்படிக் காட்டிக்கொள்கிறார்களா? (மெடிக்கல் ஆபிசர், செலாயாங்)

பதில்: 1961 ஏப்ரல் கடைசி நாள், அண்டார்க்டிகாவில் ஒரு சோவியத் நிலையம். அங்கே இருந்த ஒரே டாக்டர் லியோனிட் ரோகோசோவ், அப்போதுதான் அறுவைப் பயிற்சியை விட்டு வந்திருந்த இளைஞர். அவருக்கே குடல்வால் அழற்சி. கண்ணாடி பிடிக்க ஒருவர், கருவி கொடுக்க ஒருவர், வயிற்றை மரக்கச் செய்து தன் குடல்வாலைத் தானே வெட்டி எடுத்தார். கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பினார்.

இனி ஆன்-கால் பட்டியல் சரியில்லை என்று புகார் எழுதுவதற்கு முன் அவரை நினைத்துக்கொள். நினைத்துவிட்டுப் புகாரை எழுது, உன் பக்கம்தான் நியாயம்.

கேள்வி: நம் தோட்டங்களுக்கு வந்த முதல் பெரிய சர்ஜன் யார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காப்பார்)

பதில்: முதலாமவர் யார் என்ற போட்டி வேண்டாம், முக்கியமானவரைச் சொல்கிறேன். 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட சர்ஜனாக வந்த மால்கம் வாட்சன். மலேரியாவில் ஆள் ஆளாகச் சாய்ந்த காலம். சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, கால்வாய் தோண்டிக் கிள்ளானையும் துறைமுகத்தையும் மீட்டார். பிறகு கடலோரத் தோட்டங்களில் அதே வேலை. பதவி சர்ஜன், ஆயுதம் மண்வெட்டி.

அந்த மண்வெட்டியைப் பிடித்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் காலத்தில் எல்லாவற்றுக்கும் தோட்டத்து டிரஸ்ஸர்தான். அவர் என்ன சர்ஜன் படிப்பா படித்தார்? (ஒரு பாட்டி, தஞ்சோங் காராங்)

பதில்: படிக்கவில்லை பாட்டி, பார்த்தார். செம்பனை முள் ஏறிய காலைக் கீறி எடுத்தார், அரிவாள் வெட்டைத் தைத்தார், எதைத் தன்னால் முடியாது என்று கிள்ளானுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். கடைசியாகச் சொன்னதுதான் அறுவை மருத்துவத்திலேயே கடினமான பாடம். பட்டம் வாங்கிய பிறகும் சிலருக்கு அது வருவதில்லை.

கேள்வி: பொது அறுவைப் பிரிவில் எங்கள் ஊர்க்காரர்கள் எதற்காகப் படுக்கிறார்கள்? (வாசகி, புக்கிட் ரோத்தான்)

பதில்: குடல்வால், குடலிறக்கம், பித்தப்பைக் கல், மார்பகக் கட்டி, மோட்டார் சைக்கிள் விபத்து, சீழ்க்கட்டி. இந்தக் கடைசிக்குப் பின்னால் அடிக்கடி ஒளிந்திருப்பது சர்க்கரை. 2019 தேசிய ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ஜன் கத்தியை எடுப்பதற்கு முன் நீங்கள் தே தாரிக்கின் கரண்டியை வையுங்கள்.

கேள்வி: தமிழில் அறுவை மருத்துவம் படிக்க முடியுமா? (தமிழாசிரியை, ஈஜோக்)

பதில்: படித்தே இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்' என்ற அறுவை நூலைத் தமிழில் கொண்டுவந்தார்.

யாழ்ப்பாணத்துக்கும் இந்நாட்டு மருத்துவத்துக்கும் உறவு பழையது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையை நிறுவி நடத்திய முதல் டீன் டி. ஜே. தனராஜ், இலங்கைத் தமிழர் வழிவந்தவர். 'நமக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று சொல்லும் சொந்தக்காரருக்கு இந்தப் பெயரை அனுப்புங்கள்.

கேள்வி: புஞ்சாக் ஆலாமில் யூஐடிஎம் போதனா மருத்துவமனை நம் மாவட்டத்தில்தானே? நம் பிள்ளைகள் அங்கே சர்ஜரி படிக்கலாமா? (ஒரு தந்தை, பெஸ்தாரி ஜெயா)

பதில்: நோயாளியாகப் படுக்கலாம், மாணவராக உட்கார முடியாது. மலேசியரில் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமான பல்கலைக்கழகம் அது. 2024 மே மாதம் அங்குள்ள இதய அறுவைப் பயிற்சியை மற்றவர்களுக்கும் தற்காலிகமாகத் திறக்கலாம் என்ற யோசனை எழுந்தது. மாணவர்கள் கறுப்பு உடை அணிந்து எதிர்த்தார்கள்.

எனக்கு இது வருத்தம், மறைக்கவில்லை. இதய சர்ஜன் போதாமல் காத்திருக்கும் நோயாளியின் இனத்தை மாரடைப்பு கேட்பதில்லை. அந்தக் கதவு திறக்கும்வரை மற்றப் பல்கலைக்கழகக் கதவுகளை உடையும்வரை தட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒப்பந்த டாக்டர் என்கிறார்களே, அப்படியென்றால் மகள் சர்ஜரிக்கு விண்ணப்பிக்க முடியாதா? (ஒரு தாய், ரவாங்)

பதில்: 2016 டிசம்பரில் அரசு ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. நிரந்தர வேலை இல்லாததால் மேற்படிப்பு வாய்ப்பும் தொங்கலில் நின்றது. 26 ஜூலை 2021 அன்று, கோவிட் உச்சத்தில், ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்பு செய்தார்கள். நோயாளிகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு. அதற்குப் பிறகுதான் ஒப்பந்த டாக்டர்களுக்கும் மேற்படிப்பு வாய்ப்புகள் திறக்கத் தொடங்கின.

மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் சம்பளச் சீட்டில்தான் இருக்கிறது, கையில் இல்லை.

கேள்வி: கம்போங் குவாந்தான் மின்மினிக்கும் ஆபரேஷனுக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்றால் ஒரு படகுச் சவாரி என் செலவு. (வாசகர், கோல சிலாங்கூர்)

பதில்: உண்டு, படகைத் தயார் செய்யுங்கள். மின்மினி வெளிச்சத்தில் சூடு இல்லை. வயிற்றுக்குள் விளக்கு கொண்டு போனவர்களுக்கும் அதே பிரச்சினைதான்: பழைய பல்பு உள்ளே குடலைச் சுட்டது. 1960இல் கார்ல் ஸ்டோர்ஸ் விளக்கை வெளியே வைத்து, கண்ணாடி இழை வழியாக ஒளியை மட்டும் உள்ளே அனுப்பினார். அதற்குக் குளிர் ஒளி என்றே பெயர். இன்று ஒரு பச்சைச் சாயத்தை ஊசியில் ஏற்றினால், பித்தநாளம் திரையில் ஒளிர்கிறது. தவறிப்போய் அதை வெட்டிவிடாமல் சர்ஜன் தப்பிக்கிறார்.

படகு எத்தனை மணிக்கு?

கேள்வி: கற்றுக்கொள்ளும் டாக்டர் என் வயிற்றைத் தொடலாமா? நான் என்ன பரிசோதனை எலியா? (நோயாளி, கிள்ளான்)

பதில்: வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யார் செய்யப் போகிறார், பக்கத்தில் நிபுணர் நிற்பாரா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் இன்று உங்களுக்கு அறுவை செய்யும் நிபுணரும் ஒருநாள் யாரோ ஒருவர் சம்மதித்ததால்தான் கற்றுக்கொண்டார். அந்த ஒருவர் 'நான் எலியா' என்று எழுந்து போயிருந்தால், இன்று உங்களுக்கு டாக்டர் ஏது?

கேள்வி: தோட்டத்துப் பிள்ளை சர்ஜன் ஆனால் தோட்டத்துக்கு என்ன லாபம்? எல்லாரும் கோலாலம்பூரில்தானே குடியேறுகிறார்கள்? (தொழிற்சங்கக்காரர், பத்தாங் காலி)

பதில்: எங்கே குடியேறினாலும் கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒருவர் கூடுகிறார். குடலிறக்க அறுவை முடிந்த தொழிலாளிக்கு 'பாரம் தூக்காதே' என்று எழுதித் தருவது எல்லா டாக்டருக்கும் தெரியும். செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் இருக்கும், அதைத் தோளுயரத்துக்குத் தூக்கி லாரியில் போட வேண்டும், லீவு போட்டால் அன்றைய கணக்கு போச்சு என்பது வளர்ந்த வீட்டில் கேட்டவருக்குத்தான் தெரியும்.

அவர் கேட்பார்: 'எத்தனை நாள் எம்சி வேணும்ணே? மண்டோர் லேசான வேலை தருவாரா? நான் கடிதம் எழுதித் தரவா?' அந்தத் தையல் பிரியாமல் இருப்பது நூலால் மட்டுமல்ல, இந்த மூன்று கேள்வியாலும்.

கேள்வி: மகள் சர்ஜரியில் சேர்ந்துவிட்டாள். இரவு எந்நேரமோ வீட்டுக்கு வருகிறாள், முகத்தில் உயிரே இல்லை. நான் என்ன செய்யட்டும்? (ஒரு தாய், சுங்கை பூலோ)

பதில்: சோற்றை மூடி வையுங்கள். குழம்பைச் சுட வைத்துக் கொடுங்கள். இன்று யாராவது பிழைத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள்.